பாரி ஜிபி: பெரிய எண்களைப் பிரிச்சு மேய ஒரு இலவச கால்குலேட்டர், என் ரிவ்யூ

நம்பர் மேல ஆசை உள்ளவங்களுக்கு ஒரு கட்டத்துல ஃபோன் கால்குலேட்டர் பத்தாம போயிரும். 15, 16 இலக்கம் தாண்டினா அது கடைசி இலக்கங்களை விட்டுட்டு தோராயமா ஒன்னைக் காட்டும். ஸ்ப்ரெட்ஷீட்ல 147573952589676412927னு அடிச்சு எண்டர் தட்டினா 147573952589676க்கு அப்புறம் ஆறு சைபர் வந்து நிக்கும். எடை, தூரம் மாதிரி அளவுகளுக்கு அது போதும், ஆனா ஒரு முழு எண்ணோட குணம் கடைசி இலக்கம் வரைக்கும் இருக்கு, அதுல ஒன்னு கூடினாலோ கொறைஞ்சாலோ அது வேற எண், அதோட ஜாதகமே வேற. அந்த ஜாதகத்தைக் கடைசி இலக்கம் வரை சரியா பாக்க நான் நம்பி வெச்சிருக்கறது பாரி ஜிபிங்கற சாஃப்ட்வேர். இதைப் பத்தி தமிழ்ல யாரும் விரிவா எழுதி நான் பாத்ததில்ல, அதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

இது பிரான்ஸ்ல போர்தோ யுனிவர்சிட்டில ஆன்ரி கோஹெனும் அவர் டீமும் 1980கள்ல ஆரம்பிச்சது, அப்புறம் கரிம் பெலாபாஸ் முன்னாடி நின்னு நடத்திட்டு வர்றார். ஜிபிஎல் லைசென்ஸ், காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, அக்கவுண்ட் எதுவும் தொறக்க வேண்டாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் ஓடும், ஆண்ட்ராய்டுக்கு பாரிட்ராய்டுன்னு ஒரு ஆப் இருக்கு, இன்ஸ்டால் பண்ணவே வேண்டாம்னா பிரவுசர்லயும் ஓட்டிப் பாக்கலாம். பெரிய கணித சாஃப்ட்வேரான சேஜ் மேத் கூட எண் கணிதத்துக்கு உள்ளுக்குள்ள இதைத்தான் கூப்பிடுது.

தொறந்தா ஒரு வெறும் ஜன்னல், ஒரு கேள்விக்குறி, அவ்ளோதான். பட்டன் இல்ல, மெனு இல்ல. முதல் தடவை பாக்கறவங்களுக்கு என்னடா இதுன்னு தோணும். ஆனா பேக்டர்னு அடிச்சு பிராக்கெட்ல எண்ணைக் குடுத்தா காரணிகள் வரும், நம்டிவ்னு குடுத்தா எத்தனை வகுத்திகள்னு வரும், சிக்மான்னா அந்த வகுத்திகளோட கூட்டல், ஆய்லர்ஃபைன்னா அந்த எண்ணோட பொதுக் காரணி இல்லாத சின்ன எண்கள் எத்தனைன்னு வரும், சம்டிஜிட்ஸ்னா இலக்கங்களோட கூட்டல். பத்து பன்னெண்டு கமாண்ட் தெரிஞ்சா போதும், மிச்சத்தை அதுவே இழுத்துட்டுப் போயிரும். ஒன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, எண்ணுக்கு நடுவுல கமா போடாதீங்க, போட்டா ரெண்டு தனி எண்ணுன்னு எடுத்துக்கும்.

இதோட அருமை தெரியணும்னா 2^64 பக்கம் போங்க, அதாவது 64 ரெண்டைப் பெருக்கினா வர்ற எண். செஸ் போர்டுல கட்டத்துக்கு கட்டம் தானியத்தை ரெட்டிப்பாக்கற கதைல மொத்தமா வர்ற எண் 2^64 − 1, அதாவது 18446744073709551615. இதை பேக்டர்ல போட்டா 3, 5, 17, 257, 641, 65537, 6700417னு ஏழு ப்ரைம் வரும், ஒவ்வொன்னும் ஒரே ஒரு தடவை. அதனால வகுத்திகள் 128. அடுத்த எண் 18446744073709551616, அதுக்கு 2ங்கற ஒரே ப்ரைம்தான், 64 தடவை, வகுத்திகள் 65, அதையெல்லாம் கூட்டினா 36893488147419103231, அதாவது அந்த எண்ணோட ரெட்டிப்புல சரியா ஒன்னு கம்மி. அதுக்கும் அடுத்தது 18446744073709551617, இதுக்கு 274177, 67280421310721னு ரெண்டே ப்ரைம், வகுத்திகள் வெறும் 4. பக்கத்து பக்கத்துல நிக்கற மூணு எண், மூணுக்கும் ஒரே நீளம், கடைசி ஒரு இலக்கம்தான் வித்தியாசம், ஆனா குணத்துல ஒன்னுக்கொன்னு ஒட்டே இல்ல. எத்தனை இலக்கம்ங்கறதை வெச்சு ஒரு எண்ணைப் பத்தி ஒன்னும் சொல்ல முடியாது, உள்ள எப்படி கட்டியிருக்குங்கறதுதான் எல்லாமேன்னு இந்த மூணு வரில புரிஞ்சுரும்.

முதல் எண்ணுக்கு ஏன் அவ்ளோ காரணின்னு கேட்டா, 2^64 − 1ஐ (2^32 − 1) × (2^32 + 1)னு உடைக்கலாம், 2^32 − 1ஐ அதே மாதிரி மறுபடி, மறுபடி உடைக்கலாம், கடைசில 3, 5, 17, 257, 65537, 4294967297னு வந்து நிக்கும். இந்த வரிசைக்குப் பேர்தான் ஃபெர்மா எண்கள். இதெல்லாம் ப்ரைம்தான்னு கணித மேதை ஃபெர்மா நெனச்சார், 4294967297 மட்டும் 641 × 6700417னு 1732ல ஆய்லர் உடைச்சுட்டார். மூணாவது எண்ணான 18446744073709551617தான் அந்த வரிசைல அடுத்தது. அதை 1855ல கிளாஸன் உடைச்சு கடிதத்துல எழுதியிருக்கார், 1880ல லாண்ட்ரி தனியா உடைச்சப்ப அவருக்கு 82 வயசு. அந்த ரெண்டு காரணிலயும் ஒரு ஒழுங்கு இருக்கு, எதை 256ஆல வகுத்தாலும் மீதி 1, 274177ங்கறது 1071 × 256 + 1. இது தற்செயல் இல்ல, அந்த ஃபெர்மா எண்ணோட எந்தக் காரணியா இருந்தாலும் அப்படித்தான் இருந்தாகணும். பாரில சதவீதக் குறியும் 256ம் போட்டு நீங்களே செக் பண்ணிக்கலாம். எனக்கு இந்த சாஃப்ட்வேர்ல ரொம்பப் பிடிச்சதே இதுதான், எண்ணோட குணங்களை லிஸ்ட் போட்டுக் காட்டற சைட்டுகள் நெறைய இருக்கு, ஆனா அங்க பதில் வந்ததும் பேச்சு முடிஞ்சுரும், இங்க வந்த பதில் மேலயே அடுத்த கேள்வியைப் போடலாம்.

அதே வரிசைல மேல போனா இதோட பலமும் தெரியும், எல்லையும் தெரியும். 2^128 + 1 ஒரு 39 இலக்க எண், 1970ல மாரிசனும் பிரில்ஹார்ட்டும் ஒரு புது முறையைக் கண்டுபிடிச்சுத்தான் இதை உடைச்சாங்க, இங்க எண்டர் தட்டினதும் 59649589127497217, 5704689200685129054721னு வந்துரும். 2^256 + 1ஐ 1980ல பிரெண்ட்டும் போலார்டும் உடைச்சாங்க, அதையும் உங்க கம்ப்யூட்டர் பெருசா அலட்டிக்காம முடிச்சுரும். 2^512 + 1 போட்டீங்கன்னா கதை மாறுது. 155 இலக்கம். அதுல 2424833 ஒரு காரணின்னு 1903லயே தெரியும், மிச்சம் 148 இலக்கம் அப்படியே மலை மாதிரி நிக்கும், அதுக்குள்ள இருக்கறது 49 இலக்க ப்ரைம் ஒன்னும் 99 இலக்க ப்ரைம் ஒன்னும். 1990ல லென்ஸ்ட்ரா சகோதரர்கள், மனாஸ், போலார்ட் சேர்ந்து நம்பர் ஃபீல்ட் சீவ்ங்கற முறைல நூத்துக்கணக்கான கம்ப்யூட்டரை ஓட்டி அதை உடைச்சாங்க. பாரில அந்த முறை கிடையாது. சின்ன ப்ரைம்களால வகுத்துப் பாக்கறது, போலார்ட் ரோ, நீள்வட்ட வளைவு முறை, குவாட்ராடிக் சீவ் மாதிரியான முறைகள்தான் இதுல இருக்கு. அதனால 60, 70 இலக்கம் வரைக்கும் சுகமா போகும், 80, 90க்கு பொறுமை வேணும், அதுக்கு மேல அமைப்பு எதுவும் இல்லாத எண்ணுன்னா வேற சாஃப்ட்வேர் தேடறது நல்லது.

இதுக்கு நேர் எதிரா 1000! போட்டுப் பாருங்க, அதாவது 1லேந்து 1000 வரைக்கும் எல்லாத்தையும் பெருக்கின எண். 2568 இலக்கம், ஆனா ஒரு நொடி கூட ஆகாது, ஏன்னா உள்ள இருக்கறது எல்லாம் 1000க்குக் கீழ உள்ள ப்ரைம்கள்தான். ஒரு எண்ணுக்குள்ள ஒரு ப்ரைம் எத்தனை தடவை இருக்குன்னு சொல்ல வேல்யுவேஷன்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதுல 1000!, 5 குடுத்தா 249னு வரும், ஒவ்வொரு 5ம் ஒரு 2ஓட சேந்து 10 ஆகறதால அந்த எண்ணோட கடைசில 249 சைபர் இருக்குன்னு அர்த்தம்.

பெரிய எண்ணை உடைக்கணும்னா நான் சொல்ற வழி, நேரா பேக்டர்ல விடாம, கூட ஒரு எல்லையும் குடுங்க, 10^7 மாதிரி. சின்ன காரணியை எடுத்துக் குடுத்துட்டு மிச்சத்தை உடைக்காம அப்படியே வெச்சுரும். அந்த மிச்சத்தைப் பாத்துட்டு மேல போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கலாம். ஓட விட்டது நிக்கவே மாட்டேங்குதுன்னா கன்ட்ரோல் சி. எவ்ளோ தூரம் போயிருக்குன்னு அது தானா சொல்லாது, டீபக் லெவலைக் கூட்டி வெச்சாத்தான் உள்ள என்ன நடக்குதுன்னு எழுதிக் காட்டும். இது எனக்கு ஒரு குறைதான், நீளமான கணக்குக்கு ஒரு சின்ன ப்ரோக்ரஸ் வரி தானா வந்தா நல்லா இருக்கும்.

அடுத்து ப்ரைமா இல்லையான்னு பாக்கற வேலை. இதுல பாரி ஜிபி ரொம்ப நேர்மை. இஸ்ப்ரைம்னு ஒன்னு, இஸ்சூடோப்ரைம்னு ஒன்னு, ரெண்டும் தனித்தனி. ரெண்டாவது வேகமானது, பெய்லி பிஎஸ்டபிள்யூங்கற சோதனையை மட்டும் ஓட்டும். அந்தச் சோதனைல தப்பிச்ச பகு எண் ஒன்னு கூட இது வரைக்கும் சிக்கல, 2^64க்குக் கீழ அப்படி எதுவுமே இல்லன்னு செக் பண்ணியாச்சு, ஆனா அதுக்கு மேல நிரூபணம் கிடையாது. இஸ்ப்ரைம் அந்தச் சோதனையும் போட்டு, அதுக்கு மேல நிரூபணமும் போட்டுத்தான் 1னு சொல்லும். நெறைய பேர் இதுக்கென்ன இவ்ளோ பேச்சுன்னு நெனப்பாங்க, அவங்களுக்கு 3825123056546413051ங்கற எண்ணைக் காட்டறேன்.

ஒரு எண் ப்ரைமான்னு வேகமா பாக்கற மில்லர் ராபின் சோதனைல இந்த எண்ணை 2 வெச்சுப் பாருங்க, ப்ரைம் மாதிரியே நடக்கும். 3 வெச்சாலும், 5, 7, 11னு போயி 31 வரைக்கும் முதல் 11 ப்ரைம்ல எதை வெச்சாலும் ப்ரைம் மாதிரியே நடக்கும். 37 வெச்சாத்தான் மாட்டும். இப்படி முதல் 11 ப்ரைமுக்கும் டிமிக்கி குடுக்கற பகு எண்கள்லயே மிகச் சின்னது இதுதான். பாரில மாட்ங்கறது வகுத்து மீதியை மட்டும் வெச்சுக்கற கமாண்ட், மாட்(2, எண்)னு வெச்சு எண் − 1 அடுக்கு போட்டா 1னு வரும், ப்ரைம்னா எப்படி வரணுமோ அப்படி. ஆனா இஸ்ப்ரைம் கேட்டா 0. பேக்டர் கேட்டா 149491, 747451, 34233211. இங்கதான் நிறுத்தாம இன்னும் ஒரு படி போகணும், மூணுலயும் ஒன்னைக் கழிங்க. 149490, 747450, 34233210. முதல் எண்ணோட 5 மடங்கு ரெண்டாவது, 229 மடங்கு மூணாவது. அதனாலதான் இது இவ்ளோ நல்லா நடிக்குது, மூணு ப்ரைமும் ஒரே தாளத்துல சுத்தறதால ஒரு சோதனைல ஒன்னு தேறினா மத்த ரெண்டும் கூடவே தேற வாய்ப்பு அதிகம். இதை முதல் தடவை கழிச்சுப் பாத்தப்ப எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்துல சொல்லத் தெரியல.

இதோட சேத்து ஒரு எச்சரிக்கை. பேக்டர் குடுக்கற பெரிய காரணிகளை டிஃபால்ட்டா அந்த வேகமான சோதனை வெச்சுத்தான் ப்ரைம்னு எடுத்துக்குது. நிரூபணமாவே வேணும்னா பேக்டர்_ப்ரூவன்ங்கற செட்டிங்கை 1னு மாத்தணும். மேனுவல்ல தெளிவாவே போட்டிருக்காங்க, ஆனா மேனுவலை யாரும் முழுசா படிக்கறதில்ல, அதான் இங்க சொல்றேன்.

ராமானுஜன் பிடிச்சவங்களுக்கு இதுல ஒரு தனி விருந்து இருக்கு. 1915ல அவர் எழுதின கட்டுரைல மிகைப் பகு எண்களைப் பட்டியல் போட்டிருக்கார், அதாவது தன்னைவிட சின்ன எண் எதுக்கும் இல்லாத அளவுக்கு வகுத்திகள் உள்ள எண்கள். அந்தப் பட்டியல் 6746328388800 வரைக்கும் போகுது. கையால. பாரில அதை பேக்டர் பண்ணினா 2^6, 3^4, 5^2, 7^2, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்னு. அடுக்குகளைப் பாருங்க, 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1, எங்கயும் ஏறவே இல்ல, இந்த வகை எண் எல்லாத்துக்கும் அப்படித்தான் இருக்கணும்னு அவரே நிரூபிச்சது, கடைசி அடுக்கு 4, 36 ரெண்டைத் தவிர எப்பவும் 1னும் நிரூபிச்சார். நம்டிவ் போட்டா 10080. அந்தப் பட்டியல்ல ஒரே ஒரு எண் விட்டுப்போச்சு, 293318625600. இப்ப பெருசை சின்னதால வகுங்க, சரியா 23 வரும். அதாவது விட்டுப்போன எண், அவரோட கடைசி எண்லேந்து 23ஐ எடுத்துட்டா கெடைக்கறது, வகுத்திகள் 5040, சரியா பாதி, ஏன்னா புதுசா ஒரு ப்ரைம் ஒரு தடவை சேர்ந்தா வகுத்திகள் ரெட்டிப்பாகும். இவ்ளோ பெரிய பட்டியலை கையால போட்டு ஒன்னுதான் விட்டிருக்கார்ங்கறதை நெனச்சா எனக்கு இன்னிக்கும் ஆச்சரியமா இருக்கு.

சிக்மா பிரியர்களுக்கு வேகமா ஒன்னு: 14182439040. 1638 வாக்குல பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் கண்டுபிடிச்சது. சிக்மா போட்டு அதே எண்ணால வகுத்தா மீதி இல்லாம 5.

இப்ப உண்மையான ராட்சசன். 2024 அக்டோபர்ல கெடைச்ச 2^136279841 − 1, 41024320 இலக்கம், இந்த ரிவ்யூ எழுதற வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச மிகப் பெரிய ப்ரைம். இதை நேரா டைப் பண்ணினா பாரி ஸ்டாக், அதாவது கணக்குக்கு ஒதுக்கி வெச்ச மெமரி, பத்தலைன்னு சொல்லி நின்னுரும், ஏன்னா அந்த எண்ணை வெறுமனே வெச்சுக்கவே 17 மில்லியன் பைட் வேணும், டிஃபால்ட் ஸ்டாக் 8 மில்லியன் பைட்தான். இதைக் குறைன்னு சொல்றவங்க உண்டு, பாரிசைஸ்மேக்ஸ்னு ஒரு செட்டிங்கை 1ஜின்னு வெச்சுட்டா தேவைக்குத் தகுந்த மாதிரி அதுவே வளந்துக்கும், புதுசா வர்றவங்களுக்கு இது தெரியாதுங்கறதுதான் பிரச்சனை. ஆனா அந்த எண்ணோட கடைசி மூணு இலக்கம் தெரியணும்னா அதை எழுதவே தேவையில்ல. மாட்(2, 1000)ஐ 136279841 அடுக்குல ஏத்தி ஒன்னைக் கழிச்சா உடனே 551. காரணம் அழகானது, 2 அடுக்குகளோட கடைசி மூணு இலக்கம் 100 அடுக்குக்கு ஒரு தடவை அப்படியே திரும்ப வரும், 136279841ஓட கடைசி ரெண்டு இலக்கம் 41, 2^41ங்கறது 2199023255552, அதுல 552, ஒன்னைக் கழிச்சா 551. நாலு கோடி இலக்க எண்ணோட வாலைப் பிடிக்க 13 இலக்க எண் போதுமா இருக்கு.

குறைன்னு பாத்தா, எரர் மெசேஜ் எல்லாம் விஷயம் தெரிஞ்சவங்களுக்கு எழுதின மாதிரி சுருக்கமா இருக்கும். ஹெல்ப்புக்கு கேள்விக்குறி போட்டு கமாண்ட் பேரை அடிச்சா ஒரு வரி வரும், ரெண்டு கேள்விக்குறி போட்டா மேனுவல் பக்கம் வரும், எல்லாம் இங்கிலீஷ்தான். விடையும் மேட்ரிக்ஸ் மாதிரி கட்டம் கட்டி வரும், இடது பக்கம் ப்ரைம், வலது பக்கம் அடுக்கு, பழகிட்டா அதுவே வசதி. ஃபோன்ல பெரிய எண்ணை டைப் பண்றது கஷ்டம், காப்பி பேஸ்ட்தான் வழி. இவ்ளோக்கும் சேத்து அரை மார்க் கொறைச்சு 5க்கு 4.5 தருவேன். ஸ்கூல் மேத்ஸ் தெரிஞ்ச யாருக்கும் தைரியமா சொல்லலாம்.

கடைசியா இதுல ப்ரோக்ராமும் எழுதலாம், அதுக்குன்னு தனியா ஒரு லாங்குவேஜ் கத்துக்கற அளவுக்கு ஒன்னும் இல்ல, ஃபார், இஃப், பிரிண்ட் தெரிஞ்சா போதும். அதைப் பழக நல்ல எண் 357686312646216567629137. 24 இலக்கம், ப்ரைம். இடது பக்கம் முதல் இலக்கத்தை அழிச்சா மிச்சமும் ப்ரைம், இன்னொன்னு அழிச்சா அதுவும் ப்ரைம், இப்படியே 9137, 137, 37, 7 வரைக்கும். 10ஓட அடுக்குகளால வகுத்து மீதியை இஸ்ப்ரைமுக்குக் குடுக்கற ஒரே ஒரு ஃபார் வரில இருபத்தி நாலு 1 வரிசையா வரும். சைபர் இல்லாம இந்தக் குணம் உள்ள எண்கள்ல இதுதான் மிகப் பெருசு, அதனால முன்னாடி 1லேந்து 9 வரைக்கும் எதை ஒட்டினாலும் ப்ரைம் ஆகாது. அந்த ஒம்பதையும் தனித்தனியா பேக்டர்ல போட்டு, ஒவ்வொன்னும் எந்தக் காரணியால உடையுதுன்னு பாருங்க.